ஆடப்படாத இறுதியாட்டம்

எங்கள் பங்கு ஆலயத்தின் பின்புறம் ஒரு செம்மண் திடல் உண்டு. வானூர் வட்டாரத்து மண்ணைப் பற்றி அறிந்தவர்களுக்கு அதன் நிறத்தை விளக்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் இளைஞர்கள் இரண்டு கம்பங்களுக்கிடையே வலையைக் கட்டி, இருவருக்கு இருவராகப் பூப்பந்து ஆடுவார்கள். கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்கு இன்னும் நேரம் இருந்தபடியால், அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு இணையாக ஆடுவதைப் பற்றித் திரும்பியது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்களைப் பற்றியும், 1974ஆம் ஆண்டு அவர்கள் கைக்கெட்டிய டேவிஸ் கோப்பையை நம் நாடு வேண்டாமென்று விட்டதைப் பற்றியும் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞன் எழுந்து, "சாமி, கோப்பையை விட்டதால் யாருக்கு என்ன லாபம்? எதிர்த்தரப்பு ஆடாமலே ஜெயித்தது, அவ்வளவுதானே?" என்று கேட்டான்.

ஆலய மணி அடித்துவிட்டது. நான் எழுந்து சென்றுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் என்னோடு நடந்து வந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். அதற்கு முதலில் வரலாற்றை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

இணை என்னும் கலை

தனியாக ஆடி வெல்வது ஒரு திறமை. இன்னொருவரோடு சேர்ந்து ஆடி வெல்வது வேறொரு திறமை. முன்னதில் வல்லவர்கள் பின்னதில் தடுமாறுவதைக் காண்கிறோம். குளிர்நாடுகளில் பனிச்சறுக்கு நடனம் என்றொரு கலை இருக்கிறது. ஆணும் பெண்ணும் இணையாக உறைந்த தளத்தின் மீது வழுக்கிச் சென்று, சுழன்று, ஒருவர் மற்றவரைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுவர். ஒருவரின் கைப்பிடி தளர்ந்தால் மற்றவரின் எலும்பு முறியும். அந்தக் கலையில் சோவியத் நாட்டின் இரினா ரொட்னினா 1969 முதல் 1978 வரை தொடர்ந்து 10 முறை உலகப் பட்டம் வென்றார். 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் பெற்றார். 1973இல் பிராட்டிஸ்லாவா நகரில் அவரும் அலெக்சாந்தர் சைத்செவும் ஆடிக்கொண்டிருக்கையில் இசை திடீரென நின்றுபோயிற்று. அவர்கள் நிற்கவில்லை. இசையற்ற அமைதியிலேயே இறுதிவரை ஆடி முடித்தார்கள், மக்கள் கைதட்டினார்கள், பட்டமும் கிடைத்தது. வெளியே இசை நின்றபோதும் இருவருக்கும் உள்ளே ஒரே தாளம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள்.

பனியை நாம் கண்டதில்லை. ஆனால் இணையாக ஆடிப் புகழ்பெற்றவர்கள் நம் தமிழ் மண்ணிலும் உண்டு. புல்தரையில், டென்னிஸ் மட்டையோடு.

சென்னையின் ஒரு கத்தோலிக்க இல்லம்

ராபர்ட் அமிர்தராஜ், மார்கரெட் என்னும் மேகி அமிர்தராஜ் ஆகிய இருவரும் சென்னையில் வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழர்கள். அவர்களுக்கு மூன்று ஆண்மக்கள். மூத்தவர் ஆனந்த், 1952 மார்ச் மாதம் பிறந்தார். அடுத்தவர் விஜய், 1953 டிசம்பர் 14ஆம் நாள் பிறந்தார். இளையவர் அசோக், 1956இல் பிறந்தார். தாய் மேகி வீட்டையும் பார்த்துக்கொண்டு அட்டைப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றையும் நடத்தியவர். பெண்கள் தொழில் நடத்துவது அரிதாக இருந்த காலம் அது.

விஜய் பிறப்பிலேயே நலிந்த குழந்தை. நுரையீரல் கோளாறினால் அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. திறந்த வெளியில் ஓடியாடினால் உடல் தேறும் என்ற நம்பிக்கையோடுதான் பெற்றோர் அவரை டென்னிஸ் திடலுக்கு அனுப்பினார்கள். ஆட்டத்தில் முதலில் மின்னியவர் அண்ணன் ஆனந்த். தம்பி பின்னால் ஓடியவர். எழும்பூர் டான் போஸ்கோ பள்ளியிலும் பின்னர் லயோலா கல்லூரியிலும் பயின்ற அந்த மெலிந்த பையன் ஒரு நாள் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை வெல்வான் என்று அன்று சொல்லியிருந்தால் மருத்துவர்களே நகைத்திருப்பார்கள்.

சென்னைக்கு டென்னிஸ் புதிதன்று. நாகர்கோவிலில் 1937இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதிவரை சென்றார். 1966இல் அவரும் ஜெய்தீப் முகர்ஜியும் இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்திற்குக் கொண்டு சென்றார்கள். மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 எனத் தோற்றாலும், கிடைத்த அந்த ஒரே வெற்றி இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது. அதுவும் நியூகோம்ப், ரோச் என்னும் உலகப் புகழ்பெற்ற இணையை எதிர்த்து. இந்தப் பாரம்பரியத்தின் நிழலில்தான் அமிர்தராஜ் சகோதரர்கள் வளர்ந்தார்கள்.

புகழின் ஆண்டு

1973ஆம் ஆண்டு விஜய்க்கு வயது 19. அவ்வாண்டு விம்பிள்டனில் காலிறுதிவரை சென்று, பின்னர் பட்டத்தையே வென்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் யான் கோடெஸிடம் ஐந்து செட்கள் போராடித் தோற்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் புறக்கணித்த ஆண்டு அது. முன்னணி வீரர்கள் பலர் அங்கே ஆடவில்லை. எனவே அந்த வெற்றிகளைக் குறைத்து மதிப்பிட்டோரும் இருந்தனர். அவர்களுக்கான விடை விரைவிலேயே வந்தது. அதே கோடையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் போட்டியின் இறுதியில் ஜிம்மி கானர்ஸை வென்றார். பின்னர் அமெரிக்க ஓப்பனில், ஓராண்டின் நான்கு பெரும் பட்டங்களையும் இருமுறை வென்ற மாமேதை ராட் லேவரைத் தோற்கடித்துக் காலிறுதிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் சுவீடனின் பியோன் போர்க் அவரிடம் தோற்றார்.

அந்நாட்களில் டென்னிஸின் அரிச்சுவடி என்று ஒரு வழக்கு பிறந்தது. ஆங்கில அகரவரிசையின் முதல் மூன்று எழுத்துகளுக்கு அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் என்று பொருள் சொன்னார்கள். மற்ற இருவரும் பின்னாளில் அடைந்த உயரத்தை விஜய் அடையவில்லை. 1979இல் விம்பிள்டனில் போர்க்கை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்று செட்களில் முந்தியிருந்து தோற்றார். 1981இல் அங்கேயே காலிறுதியில் கானர்ஸை எதிர்த்து முதலிரண்டு செட்களை வென்றபின் தோற்றார். 1980இல் உலகத் தரவரிசையில் 18ஆம் இடமே அவர் எட்டிய உச்சம். ஆயினும் புகழ் குறையவில்லை. ஏனெனில் மக்கள் அவரிடம் விரும்பியது வெற்றியை மட்டுமன்று. உயர்ந்த உருவம், புல்தரையில் வழுக்குவது போன்ற நடை, தோற்றபோதும் எதிராளியின் கையைப் பற்றிச் சிரிக்கும் முகம் ஆகியவற்றை அரங்கம் நேசித்தது. 1983இல் ஜேம்ஸ் பாண்ட் வரிசைத் திரைப்படமான 'ஆக்டோபஸி'யில் அவர் நடித்தபோது, டென்னிஸ் அறியாதவர்களும் அவரை அறிந்தார்கள். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இந்த வெளிச்சத்தில் ஓரமாக நின்றவர் அண்ணன் ஆனந்த். ஒற்றையர் ஆட்டத்தில் தம்பியின் பெயர் ஓங்கியது. ஆனால் இரட்டையர் ஆட்டம் என்று வந்தபோது இருவரின் பெயரும் ஒன்றாகவே சொல்லப்பட்டன. 1976இல் அவர்கள் இணையாக விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதிக்குச் சென்றார்கள். தம்பி தன்னைவிட உயர்ந்துவிட்டதைக் கண்டும், அவன் பக்கத்தில் நின்று, அவன் விட்டுவிடும் பந்தை எடுக்கும் அண்ணனின் மனம் எத்தகையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விவிலியத்தின் முதல் சகோதரர் கதை பொறாமையில் தொடங்கிக் கொலையில் முடிகிறது. யாக்கோபும் ஏசாவும் பிறக்கும் முன்பே முட்டிக்கொண்டவர்கள். ஆண்டவர் தம் சீடர்களைத் தேர்ந்தபோதோ, இரண்டு சகோதர இணைகளை வலையோடும் படகோடும் கண்டு அழைத்தார். அவர்களுள் அந்திரேயா முதலில் ஆண்டவரைக் கண்டவர். ஆனால் முதலிடம் அவர் அழைத்து வந்த சகோதரருக்கே கிடைத்தது. அதனால் அவர் கசந்தார் என்று நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஆனந்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்திரேயாவின் நினைவு வருகிறது.

கல்கத்தாவின் 99 கேம்கள்

டேவிஸ் கோப்பை நாடுகளுக்கிடையே நடப்பது. அக்காலத்தில் மூன்று நாட்களில் ஐந்து ஆட்டங்கள் நடைபெறும். முதல் நாள் இரண்டு ஒற்றையர், நடுநாள் ஓர் இரட்டையர், இறுதி நாள் இரண்டு ஒற்றையர். மூன்றை வெல்லும் நாடு வென்றது. நடுநாளின் இரட்டையர் ஆட்டமே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கும். மேலும், சமநிலையை விரைவாக முடித்துவைக்கும் டை-பிரேக் முறை 1989வரை டேவிஸ் கோப்பையில் கிடையாது. இருதரப்பும் சமமாக இருந்தால் ஒரு செட் முடிவின்றி நீண்டுகொண்டே போகும்.

1974 மே மாதம் கல்கத்தாவின் சவுத் கிளப் புல்தரையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. வெயில் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். இரட்டையர் ஆட்டத்தில் ஆனந்தும் விஜயும் ஜான் அலெக்சாண்டர், காலின் டிப்ளி இணையைச் சந்தித்தார்கள். முதல் செட் 17-15. அடுத்தது 6-8. பின்னர் 6-3. நான்காவது 16-18. ஐந்தாவது 6-4. ஆக மொத்தம் 99 கேம்கள் ஆடி நம் சகோதரர்கள் வென்றார்கள். முடிவில் இந்தியா 3-2 என்ற கணக்கில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தியது. அந்த மூன்று நாட்களில் ஆடப்பட்டவை மொத்தம் 327 கேம்கள். டேவிஸ் கோப்பை வரலாற்றில் அதைவிட அதிகமாக எந்த இரு நாடுகளும் ஆடியதில்லை.

பின்னர் புனா நகரில் சோவியத் நாட்டை 3-1 என வென்று இந்தியா இறுதிக்கு வந்தது. மறுபக்கத்தில் இத்தாலியை வென்று இறுதிக்கு வந்தது தென்னாப்பிரிக்கா.

மறுக்கப்பட்ட ஆட்டம்

தென்னாப்பிரிக்கா அன்று நிறவெறி ஆட்சியின் பிடியில் இருந்தது. தோலின் நிறத்தை வைத்து மனிதன் எங்கே வாழலாம், யாரை மணக்கலாம், எந்தக் கடற்கரையில் நிற்கலாம் என்று சட்டம் விதித்த நாடு அது. நெல்சன் மண்டேலா அப்போது ராபன் தீவுச் சிறையில் பத்தாம் ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தார். விளையாட்டும் இதற்கு விலக்கன்று. 1963இல் டர்பன் நகரில் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றவர் பப்வா சிவ்கோலம் என்னும் இந்திய வம்சாவளியினர். வெள்ளையர்கள் மன்ற மாளிகைக்குள் இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று தம் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். வென்றவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும் நாட்டோடு எப்படி ஆடுவது?

நம் அரசின் நிலைப்பாடு நெடுங்காலமாகத் தெளிவாக இருந்தது. விடுதலைக்கு முன்பே, 1946இல், தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவைத் துண்டித்த நாடு இந்தியா. 1964 முதல் ஒலிம்பிக் போட்டிகளிலும் அந்நாடு சேர்க்கப்படவில்லை. ஆனால் டேவிஸ் கோப்பையில் அது ஆடிக்கொண்டிருந்தது. 1974இல் இந்தியா இறுதியாட்டத்தில் ஆட மறுத்தது. விதிப்படி கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. டேவிஸ் கோப்பையின் இறுதியாட்டம் ஆடப்படாமலே முடிவான ஆண்டு அது ஒன்றுதான். அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்சு ஆகிய நான்கு நாடுகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த கோப்பையை, ஐந்தாவது நாடாகத் தென்னாப்பிரிக்கா ஒரு பந்தும் அடிக்காமல் பெற்றது.

விஜய்க்கு அப்போது வயது 20. ஆனந்துக்கு 22. கல்கத்தா வெயிலில் 99 கேம்கள் ஆடியவர்களுக்கு இறுதியாட்டம் இல்லை. அந்த இழப்பின் வருத்தத்தை இருவரும் பின்னாளில் மறைத்ததில்லை. நாட்டின் முடிவுக்கு எதிராகக் கொடி பிடிக்கவும் இல்லை.

நம் ஊரிலிருந்து போனவர்கள்

இப்போது அந்த இளைஞனின் கேள்விக்கு வருகிறேன். யாருக்கு என்ன லாபம்?

1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் செய்யப்பட்ட கூலிகள் அதில் இருந்தனர். 1911வரை இவ்வாறு நேட்டாலுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வானூரும் திண்டிவனமும் விழுப்புரமும் அன்று தென் ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தவை. பஞ்சமும் கடனும் துரத்தக் கப்பலேறியவர்கள் நம் மண்ணின் மக்கள். திரும்பி வராதவர்களே மிகுதி. 1914 பிப்ரவரி 22ஆம் நாள், சிறையில் பற்றிய காய்ச்சலால் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அப்படிப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் மகள். காந்தியடிகள் தம் வாழ்நாள் முழுவதும் மறவாத பெயர் அது.

ஆக, 1974இல் தென்னாப்பிரிக்காவில் இருக்கையும் வாசலும் மறுக்கப்பட்டிருந்தவர்கள் யாரோ அந்நியர் அல்லர். நம் பாட்டன்மாரின் உடன்பிறந்தோருடைய பேரப்பிள்ளைகள். கறுப்பினத்தவரோ அவர்களைக் காட்டிலும் கொடிய ஒடுக்குமுறைக்கு ஆளாகியிருந்தனர். அண்ணனும் தம்பியும் இணையாக நின்று ஆடுவது ஓர் ஒற்றுமை என்றால், கடலுக்கு அப்பால் வெளியே நிறுத்தப்பட்டவனோடு நின்று ஆட மறுப்பது இன்னும் பெரிய ஒற்றுமை. அங்கே வலைக்கு இப்புறம் நின்றவர்கள் இருவர் அல்லர், ஒரு மக்கள் கூட்டம்.

திருச்சபையும் இதில் மௌனமாய் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்க ஆயர்கள் 1957ஆம் ஆண்டிலேயே நிறவெறிக் கொள்கை தன் இயல்பிலேயே தீயது என்று அறிக்கையிட்டார்கள். டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லி அதற்காக ஆட்சியாளரின் பகையைத் தேடிக்கொண்டவர். ஆனால் அறிக்கை வேறு, நடைமுறை வேறு என்பதை அங்குள்ள கத்தோலிக்கர்களே ஒப்புக்கொள்வார்கள். ஒரே பலிபீடத்தின் முன் தனித்தனி இருக்கைகளில் அமர்ந்த காலம் அது. நாம் அவர்களைக் குறைகூறும் முன் நம் கல்லறைத் தோட்டங்களையும் தேர் செல்லும் தெருக்களையும் ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும். நிறம் என்ற சொல்லுக்குப் பதிலாகச் சாதி என்ற சொல்லை வைத்தால், வெகுதூரத்துத் தென்னாப்பிரிக்கா நம் பங்கின் எல்லைக்குள் வந்து நிற்கிறது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ஆடக் கூடாது என்று முடிவெடுத்தவர்கள் அந்த இரு இளைஞர்கள் அல்லர். முடிவு மேலிருந்து வந்தது. விலையைக் கொடுத்தவர்கள் கீழே இருந்தவர்கள். உயர்ந்த கொள்கைகளுக்கான செலவைப் பெரும்பாலும் இப்படி யாரோ வேறொருவர்தான் கட்டுகிறார். தாம் தேர்ந்துகொள்ளாத தியாகத்துக்குப் பேறு உண்டா என்று இறையியல் மாணவனாக இருந்த நாட்களில் நாங்கள் வாதிட்டதுண்டு. சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவையைச் சுமக்கத் தாமாக முன்வரவில்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்து அவர்மேல் ஏற்றினார்கள். ஆயினும் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் இன்றும் அவர் பெயரைச் சொல்லி முழங்காலிடுகிறோம். சுமத்தப்பட்டதைக் கீழே எறியாமல், கசப்பின்றிச் சுமந்து முடித்தால், அது அவருடையதாகவே ஆகிவிடுகிறது. அமிர்தராஜ் சகோதரர்களின் கதையில் நான் காண்பது இதுவே.

மீண்டும் ஒரு வாய்ப்பு

இழந்த வாய்ப்பு எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை. இவர்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. 1987இல் விஜய் இந்திய அணியின் தலைவராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷும், அண்ணன் ஆனந்தும் அணியில் இருந்தனர். டில்லியில் அர்ஜென்டினாவை 3-2 எனவும், அடுத்து இஸ்ரேலை 4-0 எனவும் வென்றார்கள். இஸ்ரேலோடு நமக்கு முழுத் தூதரக உறவு இல்லாத காலம் அது. என்றாலும் இம்முறை அரசு ஆட அனுமதித்தது. பின்னர் சிட்னி நகரில், ஆஸ்திரேலியரின் சொந்தப் புல்தரையில், 3-2 என வென்றார்கள். முடிவைத் தீர்மானித்த ஆட்டத்தில் ரமேஷ் வாலி மசூரை வீழ்த்தினார்.

நான் அப்போது பள்ளிப்படிப்பின் கடைசி ஆண்டுகளில், விடுதியில் இருந்தேன். டென்னிஸ் மட்டையை எங்களில் எவரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆயினும் வானொலிச் செய்தியில் இந்தியா வென்றது என்று கேட்டதும் உணவுக்கூடத்தில் தட்டுகளைத் தட்டி ஆரவாரம் செய்தோம். விடுதிப் பொறுப்பாளர் கண்டிக்க வந்தவர், செய்தியைக் கேட்டுவிட்டுத் தாமும் சிரித்துக்கொண்டு போனார்.

அவ்வாண்டு டிசம்பரில் கோத்தன்பர்க் நகரின் உள்ளரங்கக் களிமண் தரையில் சுவீடன் 5-0 என நம்மை வென்றது. விஜய்க்கு 34 வயது ஆகியிருந்தது. புல்தரையில் வளர்ந்தவர்களுக்குக் களிமண் ஒத்துவரவில்லை. கோப்பை இந்தியாவுக்கு இன்றுவரை வரவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு சோகக் கதையாகவே இருந்திருக்கும். 1980களின் நடுவில் அமிர்தராஜ் குடும்பத்தினர் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு சென்னையில் ஒரு டென்னிஸ் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிறுவர்களைத் தேர்ந்து, தங்கவைத்து, படிக்கவைத்து, ஆடவைத்தார்கள். அப்படி வந்த சிறுவர்களுள் ஒருவர் கல்கத்தாவின் லியாண்டர் பயஸ். 1990இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் வென்றவர். அவரும் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும் இணைந்து 1999ஆம் ஆண்டு நான்கு பெரும் போட்டிகளின் இரட்டையர் இறுதிக்கும் சென்று, பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். டேவிஸ் கோப்பையில் தொடர்ந்து 24 இரட்டையர் ஆட்டங்களில் தோல்வியறியாத இணை அது. ஆயினும் அவர்களிடையே மனக்கசப்பு வளர்ந்து, பிரிந்து, சேர்ந்து, மீண்டும் பிரிந்த செய்தி நாடறிந்தது. 2012 ஒலிம்பிக்கின்போது அது உச்சத்தை அடைந்தது. திறமையில் அவர்கள் அமிர்தராஜ் சகோதரர்களைக் காட்டிலும் மேலான இணை. பட்டங்களே அதைச் சொல்லும். ஆனால் ஒரே திசையில் இருவர் ஓடுவதற்குத் திறமை மட்டும் போதாது. விழுந்தவனைத் தூக்கிவிடப் பக்கத்தில் ஒருவன் வேண்டும் என்று சபை உரையாளர் உணர்த்தும் கருத்தில், தூக்குகிறவன் கணக்குப் பார்க்கமாட்டான் என்பதும் அடங்கியிருக்கிறது.

விஜய் 2001இல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதித் தூதராக நியமிக்கப்பட்டார். இளையவர் அசோக் திரைப்படத் தயாரிப்பாளராகி, 1998இல் இரட்டைச் சகோதரர்களைப் பற்றிய 'ஜீன்ஸ்' படத்தைத் தமிழில் தயாரித்தார். ஆனந்த் 2013 முதல் 2017வரை டேவிஸ் கோப்பை அணியின் தலைவராக, ஆடாத தலைவராக, திடலோரத்து நாற்காலியில் அமர்ந்து இளைஞர்களுக்கு வழிகாட்டினார். 2024 ஜூலை 20ஆம் நாள் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழ் மன்றத்தில் விஜயும் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டனர். ஆசிய ஆடவருள் அந்தப் பெருமை பெற்ற முதல் இருவர் இவர்களே. பயஸ் ஆட்டக்காரர் என்ற வகையில் சேர்க்கப்பட்டார்; விஜய் டென்னிஸுக்குத் தொண்டாற்றியவர் என்ற வகையில். வென்ற கோப்பைகளைக் கொண்டு அன்று, வளர்த்த மனிதர்களைக் கொண்டு அவர் அளக்கப்பட்டார் என்பதை நான் விரும்புகிறேன்.

யாருக்கு லாபம்?

மண்டேலா 1990 பிப்ரவரி 11ஆம் நாள் விடுதலையானார். 1994 ஏப்ரலில் அந்நாட்டின் எல்லா மக்களும் முதன்முறையாக ஒன்றாக வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ஒரு டென்னிஸ் ஆட்டத்தை மறுத்ததால்தான் நிறவெறி வீழ்ந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். சிறையில் கிடந்தவர்களும் தெருவில் சுடப்பட்டவர்களும் அதை வீழ்த்தினார்கள். ஆனால் உலகம் அந்த ஆட்சியோடு உண்பதையும் வணிகம் செய்வதையும் ஆடுவதையும் சிறிது சிறிதாக மறுத்தது. ஒவ்வொரு மறுப்பும் ஒரு கல். எந்தக் கல்லால் சுவர் இடிந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

2009ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய அணி ஜோகன்னஸ்பர்க் நகரில் தென்னாப்பிரிக்காவோடு டேவிஸ் கோப்பையில் ஆடி 4-1 என வென்றது. 1974இல் ஆடப்படாத ஆட்டத்திற்கு 35 ஆண்டுகள் கழித்து, இரு நாட்டவரும் ஒரே வாசல் வழியாக நுழைந்து, ஒரே அரங்கில் அமர்ந்து பார்த்த ஆட்டம் அது. வள்ளியம்மை பிறந்த ஊரும் அதே ஜோகன்னஸ்பர்க்தான்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரத்தில் அந்த இளைஞனைத் திடலில் மீண்டும் பார்த்தேன். இந்தக் கதையின் மீதியைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் அவர்கள் தோற்கவில்லையா, சாமி?" என்றான். "கோப்பைக் கணக்கில் தோற்றார்கள். அதை மாற்ற முடியாது. அந்த ஆண்டின் ஏட்டில் தென்னாப்பிரிக்கா என்றுதான் எழுதியிருக்கிறது" என்றேன். அவன் அதைப் பற்றி மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் திடலில் ஆடவரும் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நான் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அன்று எண்ணினேன். ஒரு தெருவிலிருந்து எவரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்தக் கல்லூரி மாணவனையே அழைத்து, அந்தத் தெருவுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வரச் சொன்னேன். அவன் மட்டையை எடுத்துக்கொண்டு போனான்.